கணக்கோடு வண்டி ஏறுங்கள்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலிலும், பழைய மகாபலிபுரம் சாலையில் ஊர்ந்து செல்லும் கம்பெனி பஸ்ஸிலும், வெள்ளிக்கிழமை இரவு மதுரைக்கும் நெல்லைக்கும் கிளம்பும் வண்டிகளிலும் புரோகிராம் எழுதப் புதிதாகப் பழகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தத் தொழிலில் கழித்தவன் என்ற உரிமையில் அவர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். பயணத்தில் போகும் நேரத்தை வீண் என்று எழுதித் தள்ளிவிடாதீர்கள். நம் வேலையில் கடினமான பகுதி, என்ன எழுத வேண்டும் என்று தெளிவதுதான். அந்தத் தெளிவுக்கு நகரும் ஜன்னலும் கையில் எதுவும் இல்லாத நிலையும் பெரிய உதவி. ஆனால் சும்மா ஏறி உட்கார்ந்தால் அது வந்துவிடாது. அதற்கும் ஒரு முறை உண்டு.

1. ஏறுவதற்கு முன்பே கணக்கு தலைக்குள் இருக்கட்டும்

பிரெஞ்சுக் கணித மேதை ஆன்றி புவான்காரே ஒரு நிலவியல் சுற்றுலாவுக்குப் போயிருந்தார். கூத்தான்ஸ் என்ற ஊரில் குதிரை பஸ்ஸின் படியில் கால் வைத்த அந்த நொடியில், நாள்கணக்காகத் தான் உழைத்திருந்த ஒரு கணக்கில் எதிர்பாராமல் ஒரு புதிய உண்மை புலப்பட்டது. தான் ஆராய்ந்துகொண்டிருந்த சார்புகளில் வரும் உருமாற்றங்களும் யூக்ளிடுக்கு மாறான வடிவியலில் வரும் உருமாற்றங்களும் ஒன்றே என்று தெரிந்தது. 1908-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார்.

மேடையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் பஸ் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பு அந்தச் சார்புகளோடு 15 நாட்கள் தினமும் மேசை முன் உட்கார்ந்து, ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று முட்டி மோதிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல் எழுந்துபோனதையும் அவர் அதே புத்தகத்தில் சொல்கிறார். அந்த உழைப்பு இல்லையென்றால் படி வெறும் படிதான். எனவே மாலையில் மேசையை விட்டு எழுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். எங்கே மாட்டிக்கொண்டோம் என்பதை ஒரே வாக்கியமாக ஆக்குங்கள். என்ன கொடுத்தேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

'சம்பளப் புரோகிராம் சரியாக ஓடவில்லை' என்று நினைத்துக்கொண்டு வண்டி ஏறினால் கவலைதான் கூடவே வரும். 'பிப்ரவரி 29, 2024-ல் வேலைக்குச் சேர்ந்தவருக்கு 2025-ல் ஆண்டு உயர்வு விழவில்லை' என்று ஏறினால் அது கணக்கு. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள், 2025-ல் பிப்ரவரி 29 என்ற நாளே இல்லை என்பது பிடிபடும். அடுத்த நிறுத்தத்தில் இன்னொன்றும் தெரியும்: உயர்வு பிப்ரவரி 28-ல் விழ வேண்டுமா, மார்ச் 1-ல் விழ வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அது சம்பளப் பிரிவில் கேட்க வேண்டிய கேள்வி. பயணத்தில் யோசிப்பதால் கிடைக்கும் பலன்களில் இதை நான் உயர்வாக மதிக்கிறேன். மேசையில் இருந்திருந்தால் கை தானாகவே ஒரு தேதியைத் தட்டியிருக்கும்.

ஒரு பயணத்துக்கு ஒரு கணக்கு போதும். இரண்டை எடுத்துக்கொண்டு ஏறினால் ஒன்று கடினமானதும் மனம் மற்றதுக்குத் தாவிவிடும்.

2. லாப்டாப் பைக்குள்ளேயே இருக்கட்டும்

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் பெயரைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் அவர் வேலை செய்த கணித மையத்தில் ஆர்மாக் என்ற புதிய கணினி தயாராகிக்கொண்டிருந்தது. அதைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கு, கணக்குப் படிக்காதவர்களுக்கும் புரியும்படி ஒரு கேள்வி வேண்டியிருந்தது. ரோட்டர்டாமிலிருந்து குரோனிங்கனுக்கு மிகக் குறைந்த தூரத்தில் போவது எப்படி? ஒரு நாள் தன் வருங்கால மனைவியோடு கடைவீதி சுற்றிக் களைத்து, ஒரு காபிக் கடையின் வெளியே உட்கார்ந்திருந்தபோது 20 நிமிடத்தில் அதற்கான வழியை மனத்துக்குள்ளேயே அமைத்துவிட்டார். 1959-ல் அது அச்சேறியது. கட்டுரை மொத்தம் மூன்றே பக்கம். காகிதமும் பென்சிலும் கையில் இல்லாததால், தவிர்க்கக்கூடிய சிக்கலையெல்லாம் தவிர்க்கும் கட்டாயம் ஏற்பட்டது என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்.

அந்த வழியை வாயாலேயே சொல்லிவிடலாம். இன்னும் முடிவாகாத ஊர்களில் புறப்பட்ட இடத்துக்கு மிக அருகில் இருப்பதை எடுத்துக்கொள். அதன் தூரத்தை முடிவு என்று குறித்துக்கொள். அதன் வழியாக அண்டை ஊர்களுக்கு இன்னும் குறைந்த தூரம் கிடைக்கிறதா பார். சேர வேண்டிய ஊர் முடிவாகும்வரை இதையே திரும்பச் செய். அவ்வளவுதான். உங்கள் தீர்வையும் இந்த அளவுக்குச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் தீர்வு இன்னும் பழுக்கவில்லை.

லாப்டாப்பைத் திறந்தால் என்ன நடக்கிறது? ஒரு வரியை மாற்றுகிறோம், ஓட்டுகிறோம், பிழை வருகிறது, இன்னொரு வரியை மாற்றுகிறோம். கை ஓடிக்கொண்டே இருப்பதால் யோசிப்பதாகத் தோன்றும். நாங்கள் கற்ற காலத்தில் அதற்கு வழியே கிடையாது. சென்னை ஐஐடியில் 1973-ல் ஐபிஎம் 370 நிறுவப்பட்டது. அந்தத் தலைமுறைக் கணினிகளுக்குப் புரோகிராமைத் துளை அட்டையில் கொடுக்க வேண்டும். ஓர் அட்டையில் 80 எழுத்துதான் அடங்கும். அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் திரும்பவும் வரிசையில் நிற்க வேண்டும். அதனால் அட்டையில் துளை விழுவதற்கு முன்பே ஒவ்வொரு வரியையும் மனத்தில் ஓட்டிப் பார்த்துவிடுவோம். அந்தப் பழக்கம் உங்கள் காலத்தில் தானாக வராது. பயணத்தில்தான் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

கைபேசியையும் சேர்த்தே சொல்கிறேன். விடையைத் தேடித் தரும் செயலி விரல்நுனியில் இருக்கும்போது அதைத் தொடாமல் இருப்பது உங்கள் தலைமுறைக்குச் சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். இறங்கும்வரையாவது தொடாதீர்கள்.

3. சின்ன எண்களை வைத்து ஓட்டிப் பாருங்கள்

மனக்கணக்குப் பழக நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. அதுவும் ஒரு பயணத்தில் பிறந்ததுதான். லண்டனின் புட்னி பகுதியில் நோயுற்றுக் கிடந்த ராமானுஜனைப் பார்க்கக் கணித அறிஞர் ஹார்டி ஒரு டாக்சியில் போனார். வண்டி எண் 1729. சுவையில்லாத எண்ணாக இருக்கிறதே என்று ஹார்டி சொன்னதும், இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான் என்று படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் சொன்னார். 12-ன் கனம் 1728, அதோடு 1. இன்னொரு விதம், 10-ன் கனம் 1000, 9-ன் கனம் 729. நம் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் புரோகிராமைக் கையில் எதுவும் இல்லாமல் மனத்தில் அமைத்துப் பாருங்கள்.

முதலில் தோன்றுவது நான்கு லூப். நான்கு எண்களையும் 1 முதல் 12 வரை ஓட்டினால் 20,736 சோதனை. கணினிக்கு இது பெரிய வேலை இல்லை. ஆனால் மனத்தில் இதை ஓட்ட முடியாது. அந்த இயலாமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்களை முன்னே தள்ளும். 9-ம் 10-ம் சேர்ந்த ஜோடியும் 10-ம் 9-ம் சேர்ந்த ஜோடியும் ஒன்றுதானே? அப்படியானால் சிறியதை முதலில் வைத்து எண்ணினால் 78 ஜோடிதான் இருக்கிறது. ஒவ்வொரு ஜோடியையும் மற்ற ஜோடிகளோடு ஒப்பிட்டால் 3,003 ஒப்பீடு. இன்னும் அதிகம்தான். எதற்காக ஒப்பிட வேண்டும்? ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் ஓர் அட்டவணையில் போட்டுக்கொண்டே வந்து, 'இது ஏற்கெனவே வந்ததா' என்று மட்டும் பார்த்தால் 78 பார்வையில் வேலை முடிந்துவிடும். நான்கு லூப் இரண்டு லூப் ஆகிவிட்டது. இது செங்கல்பட்டு தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

பலரும் இங்கே மகிழ்ந்து கணக்கை விட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகள்தான் எனக்கு முக்கியம். 12 போதும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? விடை தெரிந்ததால்தானே? தெரியாதவர் எங்கே நிறுத்துவார்? பெரிய எண்ணை 1, 2, 3 என்று ஏற்றிக்கொண்டே போய், முதலில் திரும்ப வரும் கூட்டுத்தொகையை எடுத்துக்கொள்வோம். அதுதான் மிகச் சிறியது என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? பின்னால் வரும் ஜோடி ஏதாவது அதைவிடச் சிறிய தொகையைத் தரலாம் அல்லவா? யோசியுங்கள். 13-ன் கனம் 2197. ஒரு ஜோடியில் 13 வந்தாலே தொகை 2197-ஐத் தாண்டிவிடும்; 1729-க்குக் கீழே வரவே முடியாது. ஆகவே 1729 கிடைத்ததும் தயங்காமல் நிறுத்தலாம். இந்த ஒரு வரி நியாயம் கையில் இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. புரோகிராம் சரியான விடை தருகிறது என்பது வேறு. அந்த விடை ஏன் சரி என்று நமக்குத் தெரிந்திருப்பது வேறு. இரண்டாவதைத் தேடுவதற்குப் பயணம்போல் தோதான நேரம் கிடையாது.

4. நீங்களே கணினியாக நின்று பாருங்கள்

காலை 11 மணிக்கு ஸ்லீப்பர் வகுப்புக்குத் தத்கல் திறக்கிறது. நெல்லை வண்டியில் ஒரே ஒரு படுக்கை மிச்சம் இருக்கிறது. இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்கிறார்கள். முதல் கோரிக்கை 'எத்தனை மிச்சம்' என்று பார்க்கிறது, ஒன்று. அது ஒன்றைக் கழித்து எழுதுவதற்கு முன்பே இரண்டாவது கோரிக்கையும் பார்க்கிறது, அதற்கும் ஒன்று. இரண்டு பேருக்கும் டிக்கெட் போய்விட்டது, படுக்கை ஒன்றுதான்.

இந்த வகைப் பிழை மேசையில் சோதித்தால் பெரும்பாலும் சிக்காது, ஏனென்றால் மேசையில் கேட்பவர் நீங்கள் ஒருவர்தான். மனத்தில் ஓட்டும்போது சிக்கும். இடது கையை முதல் கோரிக்கை என்றும் வலது கையை இரண்டாவது என்றும் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அடியாக நகர்த்துங்கள். இடது ஓர் அடி, வலது ஓர் அடி. அடுத்து இடது இரண்டு அடி, வலது ஓர் அடி. எந்த வரிசையில் நகர்த்தினால் கெட்டுப்போகிறது என்று தேடுங்கள். பார்ப்பதும் கழிப்பதும் பிரிக்க முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும் என்பது அப்போது உங்களுக்கே தெரியும். டேட்டாபேஸ் பாடத்தில் பூட்டு என்றும் பரிவர்த்தனை என்றும் மனப்பாடம் செய்தவை எதற்காக வந்தன என்பதும் புரியும்.

5. ஓரங்களைத் தட்டிப் பாருங்கள்

ஒன்றுமே இல்லாத பட்டியல், ஒன்றே ஒன்று உள்ள பட்டியல், தேடுவது கடைசியில் இருக்கும் பட்டியல், தேடுவது இல்லவே இல்லாத பட்டியல். உங்கள் தீர்வை இந்த நான்கிலும் மனத்தில் ஓட்டுங்கள். இதற்கு உகந்த பயிற்சி, வரிசைப்படுத்திய பட்டியலை நடுவில் பிளந்து தேடும் பைனரி சர்ச். எளிது என்று எல்லோரும் நினைக்கிறோம். அதன் முதல் வடிவம் 1946-ல் வெளிவந்தது என்றும், எல்லா அளவுக்கும் பிழையின்றி வேலை செய்யும் வடிவம் 1962 வரை அச்சில் வரவில்லை என்றும் டொனால்டு நூத் குறிப்பிட்டிருக்கிறார். அனுபவம் உள்ள புரோகிராமர்களிடம் போதிய நேரம் கொடுத்து எழுதச் சொன்னபோதும் பெரும்பாலோர் எழுதியதில் பிழை இருந்தது என்று ஜான் பென்ட்லி பதிவு செய்தார். பென்ட்லி சரியென்று காட்டிய வடிவத்திலேயே ஒரு பிழை ஒளிந்திருந்ததை 2006-ல் ஜோஷுவா பிளாக் எடுத்துக்காட்டினார். ஜாவா நூலகத்திலும் அது ஏறத்தாழ 9 ஆண்டுகள் இருந்திருக்கிறது.

என்ன பிழை? நடுவைக் கண்டுபிடிக்கக் கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுக்கிறோம். 32 பிட் முழு எண்ணில் அடங்குவது சுமார் 214 கோடியே 74 லட்சம் வரைதான். பட்டியலில் 107 கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால் அந்தக் கூட்டல் எல்லையை மீறி எதிர்மறை எண்ணாகிவிடக்கூடும். மேலிருந்து கீழைக் கழித்து, அதில் பாதியைக் கீழோடு கூட்டினால் பிழை போய்விடுகிறது. 'இந்தக் கூட்டல் எவ்வளவு பெரிதாகலாம்' என்று ஒரே ஒரு முறை கேட்டால் போதுமானது. கேட்பதற்கு நேரம்தான் வேண்டும். அது உங்களிடம் தாம்பரம் முதல் கடற்கரை வரை இருக்கிறது.

6. குறிப்பில் காரணத்தை எழுதுங்கள்

சட்டைப் பையில் அடங்கும் சின்ன நோட்டும் பேனாவும் எப்போதும் உங்களோடு இருக்கட்டும். நோட்டு இல்லாத வேளையில் கிடைத்த காகிதம் போதும். 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் ஓர் உணவகத்தில் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில்தான் எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையின் பிட் அமைப்பைத் தாம்ப்சன் எழுதினார். இன்று கைபேசியில் நீங்கள் அனுப்பும் தமிழ் பெரும்பாலும் அந்த அமைப்பில்தான் போகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். 'அம்மா' என்று அனுப்பினால் கண்ணுக்கு மூன்று எழுத்து, உள்ளே 5 குறி (அ, ம, புள்ளி, ம, கால்), 15 பைட். தமிழ்ச் சொல் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பும் புரோகிராமை மனத்தில் எழுதிப் பார்த்தால் இந்த மூன்று எண்ணும் ஏன் வேறுபடுகின்றன என்று தெரியவரும்.

குறிப்பில் கோட் எழுத வேண்டாம். குலுங்கும் வண்டியில் எழுதிய லூப் மறுநாள் உங்களுக்கே விளங்காது. 'இரண்டு கோரிக்கையும் கழிப்பதற்கு முன்பே பார்த்துவிடுகின்றன' என்று ஒரு வாக்கியம் எழுதினால் மறுநாள் காலை முழுத் தீர்வும் திரும்பி வரும்.

7. வண்டி ஓட்டும்போது வேண்டாம்

பைக்கிலோ காரிலோ கைப்பிடி உங்களிடம் இருந்தால் கணக்கைத் தொடாதீர்கள். தண்டவாளம் கடக்கும்போதும், ரயில் படிக்கட்டில் நிற்க நேரும்போதும் அப்படியே. ஆழ்ந்து யோசிப்பவரின் கண் திறந்திருந்தாலும் பார்க்காது. தம்பி, தங்கச்சி, இதில் ஒரு விதிவிலக்கும் கேட்காதீர்கள்.

8. இந்த நேரம் உங்களுடையது

அலுவலகத்தில் உழைத்தது போதாதென்று பயணத்தையும் கம்பெனிக்குக் கொடுக்கச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். உங்கள் பயண நேரத்துக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அதைக் கேட்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போன் போட்டு, அவசரம் என்று சொல்லி வேலை வாங்கும் மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு என்று அவர்கள் முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வளர உதவும் கணக்கைத் தேர்ந்தெடுங்கள். அலுவலகக் கணக்கே உங்களுக்குப் பிடித்திருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பிடித்திருப்பதால் மட்டும்.

தூக்கம் வந்தால் தூங்குங்கள். பக்கத்தில் இருக்கும் பெரியவர் பேச்சுக் கொடுத்தால் பேசுங்கள். நெல் அறுவடைபற்றியும் வங்கிக் கடன்பற்றியும் பேரனின் படிப்புபற்றியும் அவர் சொல்வதைக் கேட்காமல், அவருக்குப் பயன்படப்போகும் புரோகிராமை எழுதிவிட முடியாது. ஊருக்குப் போய் இறங்கியதும் கணக்கை மூட்டை கட்டிவிடுங்கள். அம்மா சாப்பாடு போடும்போது கண் எங்கோ நிலைத்திருந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

9. இறங்கியதும் சோதியுங்கள்

மனத்தில் தோன்றிய தீர்வு எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் அது விடையாகிவிடாது. புவான்காரே, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் விட்டுப்போன பேச்சைத் தொடர்ந்தார். தீர்வில் தனக்கு முழு உறுதி இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் கான் நகருக்குத் திரும்பியதும் மனநிறைவுக்காக நிதானமாகச் சரிபார்த்தார்.

பால் ஆலன் 1975-ல் ஆல்டேர் கணினிக்கான பேசிக் மொழியைக் காட்ட ஆல்புகர்க்கிக்கு விமானத்தில் போனார். அதைக் கணினிக்குள் ஏற்றும் சின்னப் புரோகிராமை எழுத மறந்தது வழியில்தான் நினைவுக்கு வந்தது. விமானம் இறங்கும் நேரத்தில் அதைக் காகிதத்தில் எழுதினார். முதல் முறையிலேயே வேலை செய்தது. சாகசமாகச் சொல்லப்படும் இந்தக் கதையில் நீங்கள் கவனிக்க வேண்டியது அதற்கு முன் நடந்த வேலைதான். ஆல்டேரைக் கண்ணால் பார்க்காமலேயே, அதன் மையச் செயலியைப்போல் நடந்துகொள்ளும் ஒரு புரோகிராமை ஹார்வர்டின் பிடிபி-10 கணினியில் ஆலன் முதலில் எழுதியிருந்தார். பேசிக் அதில்தான் எழுதிச் சோதிக்கப்பட்டது. அந்தச் செயலியின் கட்டளைகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி ஆகியிருந்ததால் விமானத்தில் கை நடுங்கவில்லை.

நீங்களும் மேசைக்கு வந்ததும் முதலில் சோதனையை எழுதுங்கள், பிறகு கோட். மனத்தில் ஓட்டிய அதே சின்ன எண்களைக் கொடுங்கள். விடை மாறினால் வருந்த வேண்டாம். மனத்தில் ஓட்டிய எந்த அடியில் தவறினோம் என்று தேடுங்கள். அந்தத் தேடல்தான் அடுத்த பயணத்துக்கான கணக்கு.

அதுவரை ஒன்றை நான் தருகிறேன். ஒரு தேர்தலில் விழுந்த ஓட்டுகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். வேட்பாளர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியாது. ஒருவர் பாதிக்கும் மேல் வாங்கியிருக்கிறார் என்பது மட்டும் உறுதி. நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள அனுமதி ஒரே ஒரு பெயருக்கும் ஒரே ஓர் எண்ணுக்கும்தான். வாசித்து முடித்ததும் வென்றவரின் பெயரைச் சொல்ல வேண்டும். ராபர்ட் பாயர், ஜே மூர் என்ற இருவர் இதற்கு அருமையான வழி ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைத் தேடிப் படித்துவிடாமல், ஐந்து ஓட்டு, ஏழு ஓட்டு என்று சின்னதாக வைத்து, நாளைக் காலை வண்டியில் நீங்களே முயன்று பாருங்கள்.